தவறணையும் சம்பள மேசையும்

பௌர்ணமிப் போயா தினத்துக்கு முந்திய நாள் மாலையில், கண்டி நகரைச் சூழ்ந்த சிறு பட்டினங்களில், கலஹாவிலோ கம்பளையிலோ நாவலப்பிட்டியிலோ, மதுபானக் கடையின் கம்பி வலைக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அன்று அது வழக்கத்திலும் நீளமாயிருக்கும். மறுநாள் கடை திறக்காது என்ற காரணத்தால் நாளைக்குரியதையும் இன்றே வாங்கி வைத்துக்கொள்ளும் முன்யோசனை, வேறெந்தக் காரியத்திலும் முன்யோசனைக்குப் பேர்போகாத மனிதரிடத்திலும் அன்று பிரகாசிக்கும். வலையிலுள்ள சிறு துவாரத்தின் வழியே பணம் உள்ளே போகும்; பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய கால் போத்தல் வெளியே வரும்; வாங்கியவர் அதைச் சாரத்தின் மடிப்பில் செருகிக்கொண்டு, பக்கத்துக் கடையில் தேயிலைத்தூள் வாங்க வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு நடப்பார். பொழுது விடிந்ததும் வெள்ளுடை தரித்து விகாரைக்குச் செல்லும் கூட்டம் அதே தெருவை நிரப்பும். கடையின் கதவில் பூட்டுத் தொங்கும். சட்டம் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. அன்றைய தினம் அத்தெருவில் குடித்தவர்களின் தொகை குறைந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மதுபானத்தைச் சமுதாயம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்ற வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் சட்டப் புத்தகத்தையே முதலில் புரட்டுகின்றனர்; ஆனால் சட்டம் அவ்விடையில் ஒரு பங்குதான். கண்டிச் சீமையைப் பொறுத்தவரையில், சமயமும் சம்பிரதாயமும் ஒரு புறம், அரசாங்கத்தின் பொக்கிஷம் மற்றொரு புறம், அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த பொதுச் சுகாதாரம் இன்னொரு புறமாக, மூன்று கைகள் இக்காரியத்தில் ஈடுபட்டு வந்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று தழுவியும் தள்ளியும் வந்த சரித்திரத்தைப் பார்க்கும்போது என் மனத்தில் மேலோங்கும் அபிப்பிராயம் இது: கடையின் கதவைத் திறப்பதிலும் அடைப்பதிலும் அம்மூன்று கைகளும் காட்டிய சிரத்தையில் ஒரு சிறு பங்கைக்கூட, உழைத்தவரின் கூலி அக்கதவுவரை எவ்வழியாக வந்து சேருகிறது என்று ஆராய்வதில் அவை காட்டவில்லை.

மலையரசு சுதந்திரமாயிருந்த நாளில் இப்பிரச்சினை இந்த வடிவில் இருக்கவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் கைதியாக இம்மலைநாட்டில் வாழ்ந்து, எலதெத்த என்னும் கிராமத்தில் காணி வாங்கிக் குடியிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட தமது நூலில், இந்நாட்டு ஜனங்கள் வெறியை மிகவும் அருவருப்பவர்கள் என்றும், அதற்கு ஆட்பட்டோர் பலரல்லர் என்றும் எழுதிவைத்தார். கித்துள் மரத்தின் பாளையிலிருந்து வடியும் நீரைப் பற்றியும் அவரே விவரிக்கிறார்: நாவுக்கு இனியது, உடலுக்கு நல்லது, வெறியோ தண்ணீருக்கு மேற்பட்டதன்று. அதைத்தான் இன்றும் சிங்களக் கிராமத்தார் தெலிஜ்ஜ என்பார்கள். அது புளித்துவிடாதிருக்க ஹல் மரத்தின் பட்டைத் துண்டொன்றை முட்டிக்குள் இட்டு, இறக்கியவுடன் அடுப்பிலேற்றிப் பாணியாகவும் கருப்பட்டியாகவும் காய்ச்சுவார்கள். பட்டையிடாமல் விட்டு வெயிலும் ஏறிவிட்டால் அதே நீர் நுரைத்துக் கள்ளாகிவிடும். காலையில் ஆகாரமாயிருந்த பொருள் மத்தியானத்துக்குள் மதுவரிச் சட்டத்தின் ஆளுகைக்குள் பிரவேசித்துவிடுகிற இவ்விசித்திரத்தை, பாளை சீவும் கத்தியோடு மரத்துச்சியில் நிற்கும் கிராமத்தான் அறிந்த அளவுக்குச் சட்டம் எழுதியோர் அறிந்திருந்தார்களா என்பது சந்தேகமே. ஆயினும் அக்காலத்துக் கட்டுப்பாடு எந்த உத்தியோகத்தனாலும் நடத்தப்பட்டதன்று; பஞ்சசீலத்தில் மதுவை விலக்கும் ஐந்தாவது சீலமும், குலத்தின் மானமும், ஊரார் வாயும் சேர்ந்து அதை நடத்தின.

1815இல் கண்டி ஒப்பந்தத்தின் மூலம் மலையரசு பிரித்தானிய முடியின் கீழ் வந்த பிறகு, கரையோர மாகாணங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த சாராயக் குத்தகை முறையும் மலையேறி வந்தது. முறை மிகவும் எளியது. ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். அதிக விலை கேட்டவன் குத்தகைக்காரன் ஆவான். அவன் தன் பிரதேசத்துத் தவறணைகள் என்னும் மதுக்கடைகளைக் கீழ்க்குத்தகைக்கு விடுவான். தென்மேற்குக் கரையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் பீப்பாய்களில் மேலே வந்து சேரும். ஏலத்தொகை முன்னரே நிச்சயமாகிவிடுகிறபடியால், அதற்குமேல் விற்கும் ஒவ்வொரு துளியும் குத்தகைக்காரனுக்கு லாபம். தவறணையில் ஜனங்கள் அளவோடு குடிப்பதனால் நஷ்டமடையக்கூடியவனும் அவனே. அளவுக்கு மிஞ்சிக் குடிக்கச் செய்வதையே லாபமாக வைத்த இம்முறையை ஓர் அரசாங்கம் தானே அமைத்து, பிறகு ஜனங்களின் ஒழுக்கக்கேட்டைப் பற்றி அறிக்கைகளில் வருந்தியும் எழுதியது என்பது சாம்ராஜ்ய பரிபாலனத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. மொறட்டுவையிலிருந்து கண்டிப் பக்கம் வந்த ஜெரோனிஸ் டி சொய்சாவின் குடும்பம் இக்குத்தகைகளாலும் வர்த்தகத்தாலும் செல்வம் திரட்டி, ஹங்குரன்கெத்தையில் தோட்டமும் வாங்கியது. இலங்கையின் முதலாளி வர்க்கம் பெருமளவில் சாராயத்திலிருந்தே எழும்பியது என்ற வரலாற்றைக் குமாரி ஜயவர்தன 2000இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அச்சாராயத்தை வாங்கிக் குடித்தோர் யார் என்ற வினா நம்மைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்கிறது. 1820களில் கம்பளையை அடுத்துத் தொடங்கி, 1840களில் வெறியாகவே பரவிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்கென்று, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காடு கடந்து நடந்துவந்தோர் பல்லாயிரவர். 1869இல் கோப்பியின் இலையில் நோய் கண்டு அப்பயிர் அழிந்து, லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிவைத்த தேயிலை மலைகளைப் போர்த்தியபோது, பருவத்துக்கு வந்து போனவர்கள் லயன்களில் நிரந்தரக் குடிகளாயினர். குளிர், மழை, அட்டை, கடன் துண்டு, கங்காணியின் கணக்கு: இவற்றுக்கிடையே ஒரு பொழுது இவற்றை மறக்க அவர்களுக்குக் கிடைத்த சாதனம் தோட்டத்து எல்லையில் நின்ற தவறணையே. குலதெய்வத்தின் படையலிலும் மது இடம்பெற்றது. மாடசாமிக்கும் முனியாண்டிக்கும் சுருட்டும் சாராயமும் வைக்கும் வழக்கம், கடல் கடந்து வந்தவர்கள் தலைச்சுமையோடு கொண்டுவந்த சம்பிரதாயம். அதைக் கண்டு முகம் சுளிப்போர், அந்தப் படையலில் ஒரு போத்தல் ஊர் முழுவதற்கும் பங்கிடப்படுவதையும், தவறணையில் ஒரு மனிதன் தனியே நின்று அதை முடிப்பதையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் இந்நாட்டு அரசியலின் பாலபாடம் என்று சொன்னால் மிகையாகாது. 1904இல் கிராமந்தோறும் சங்கங்கள் தோன்றின. 1912இல் புதிய மதுவரிச் சட்டம் இயற்றப்பட்டு, கள்ளுக்கும் சாராயத்துக்கும் வெவ்வேறு தவறணைகள் ஏற்பட்டு, கள்ளுத் தவறணைகள் பெருகப்போகின்றன என்ற அச்சம் பரவியபோது, அநகாரிக தர்மபாலர், டி. பி. ஜயதிலக, எப். ஆர். சேனநாயக்க, அவருடைய தம்பியார் டி. எஸ். சேனநாயக்க முதலியோரின் ஊக்கத்தில் அவ்வியக்கம் பொங்கி எழுந்தது. பௌத்த தர்மத்தின் பேரால் மதுவை எதிர்த்தவர்கள் அதே மூச்சில் அந்நிய ஆட்சியையும் எதிர்த்தார்கள். அவர்களுடைய வார்த்தைகளிற் சில அந்நிய மதத்தாரையும் வணிகரையும் சுட்டன என்பதை மறைத்துப் பயனில்லை. 1915 வெசாக் இரவில் கண்டி காசில் ஹில் வீதியின் பள்ளிவாசலுக்கு அருகே தொடங்கிய கலகம் நாடெங்கும் பரவி முஸ்லிம்களின் உயிரையும் கடைகளையும் பலிகொண்டபோது, அதற்குப் பின்னால் மதுவிலக்குச் சங்கங்களே நின்றன என்று சந்தேகித்த அரசாங்கம், இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து அத்தலைவர்களிற் பலரைச் சிறையிலடைத்தது. அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவரும், லண்டன் சென்று முறையிட்டவரும் தமிழரான பொன்னம்பலம் இராமநாதன் என்பது நம்மவர் பலர் அறிந்ததே. ஆனால் அவ்வியக்கத்தின் உருப்படியான பயன் வேறொன்று: ஒரு பிரதேசத்து ஜனங்கள் வாக்களித்துத் தங்கள் ஊர்த் தவறணையை மூடிக்கொள்ளும் உரிமையை அது பெற்றுத் தந்தது. அவ்வாறு மூடப்பட்ட தவறணைகள் பல. கடையை அயலார் வாக்கினால் மூடுவதும் அதிகாரி கையெழுத்தினால் மூடுவதும் ஒன்றல்ல; முன்னதில் மூடியவர்களே காவலும் நிற்பார்கள்.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் கண்டி, ஹட்டன், பதுளை முதலிய மலைநாட்டுப் பட்டினங்களுக்கும் சென்று, தோட்டத் தொழிலாளரிடம் பேசிய இடங்களில் மதுவை விட்டொழிக்கும்படி வேண்டினார். மலையகத் தமிழரிடையே அவ்வார்த்தை நெடுநாள் நின்றது. ஆனால் அது நெஞ்சில் நின்ற அளவுக்குக் கையில் நிற்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1937 அக்டோபரில், கடலுக்கு அப்பால் தமிழகத்தில் இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தார். இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்குப் போய், விற்பனை வரி நிலைத்தது. 1971இல் மதுவிலக்குத் தளர்ந்து, 2003இல் அம்மாநில அரசே சில்லறைக் கடைக்காரராகவும் அமர்ந்துவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1920 முதல் 1933 வரை செய்த பரீட்சை எல்லோரும் அறிந்தது. இலங்கை முழு மதுவிலக்கை ஒருநாளும் கைக்கொள்ளவில்லை. 1913இல் ஸ்தாபிக்கப்பட்ட மதுவரித் திணைக்களம் குத்தகைக்காரனின் ஸ்தானத்தைச் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொண்டது. 1974இல் வடிசாலைகளை அரச கூட்டுத்தாபனம் ஏற்றது. 1992இல் அது தனியார் கைக்கு மாறியது. கைகள் மாறியபோதிலும் பொக்கிஷத்துக்குச் சாராயத்தின்மீதுள்ள பிரியம் மாறவில்லை. திணைக்களத்தின் பெயரிலேயே மதுவும் வரியும் கைகோத்து நிற்கின்றன. சுகாதாரத்துக்கு அங்கே இடமில்லை.

சுகாதாரத்துக்கு இடம் கிடைத்தது 2006இல். அவ்வருஷத்து 27ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபை உண்டாயிற்று, 21 வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்பனை தடையாயிற்று, விளம்பரங்கள் தடுக்கப்பட்டன. மதுசாரம் என்பது அரச தமிழின் சொல். தவறணையில் நிற்பவர் யாரும் தாம் மதுசாரம் அருந்துவதாகச் சொல்லமாட்டார், ‘கொஞ்சம் போட்டிருக்கேன்’ என்பார். மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988இலேயே சேர்த்துவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வகுத்த திட்டத்திலும் விலையை உயர்த்தல், கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் சுருக்கல், விளம்பரத்தைத் தடுத்தல், போதையில் வாகனம் செலுத்துவோரைப் பிடித்தல், சிகிச்சைக்கு வழிசெய்தல் ஆகியவையே முக்கியமானவை. இவற்றுள் கடைசியானதைத் தவிர மற்றவற்றையெல்லாம் இலங்கை ஏட்டளவிலேனும் செய்திருக்கிறது. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் சாரதி குற்றவாளி. கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளில் இரவுப் பொலிஸார் வாயில் வைக்கும் குழாய் அதற்காகத்தான். சிகிச்சை மட்டும், கண்டி வைத்தியசாலையின் விடுதியில் வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து வந்து படுக்கும் கட்டத்திலேயே பெரும்பாலோர்க்குத் தொடங்குகிறது.

விலையைப் பற்றிச் சற்று விரித்துப் பேசவேண்டும். ஏனெனில் பொருளாதார அறிஞர்களும் வைத்திய நிபுணர்களும் ஒருமுகமாகச் சிபார்சு செய்யும் மருந்து அது. விலை உயர்ந்தால் குடி குறையும் என்பது பொதுவில் உண்மைதான். 2023 ஜனவரியில் மதுவரி 20 சதவீதம் உயர்ந்தது. ஒரு போத்தல் சாராயம் ரூபா 3,000ஐத் தாண்டியது. தோட்டத் தொழிலாளியின் அன்றைய நாட்கூலி ரூபா 1,000. மூன்று நாட் கொழுந்து, ஒரு போத்தல். சட்டபூர்வமான விற்பனை சரிந்தது. ஆனால் சரிந்த அளவெல்லாம் நிதானமாக மாறிவிடவில்லை. கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் ஒன்றிருக்கிறதல்லவா? நீரோடைக் கரையில், மானாப்புல் மறைத்த பள்ளத்தில், நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் கலந்து புளிக்கவிட்டால் கோடா தயார். பிறகு தகர டின், ஒரு சுருள் குழாய், அதன்மேல் ஓடும் ஓடை நீர். ஓர் இரவு போதும். 2020 மார்ச்சில் ஊரடங்கு பிறப்பித்து நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டபோது இப்பீப்பாய்கள் எவ்வளவு வேகமாகப் பெருகின என்பதற்குப் பொலிஸ் முற்றுகைச் செய்திகளே சாட்சி. ஆகையால் விலையை உயர்த்தாதே என்று நான் வாதிக்கவில்லை. உயர்த்திய விலை, ஏழையைக் குடியிலிருந்து விலக்குவதோடு, விலகாத ஏழையை இன்னும் கொடியதொரு குடிக்குத் தள்ளவும் செய்கிறது. இரண்டாவது விளைவைக் கணக்கிலெடுக்காத கொள்கை அரைக் கொள்கையே. உரிமப் பத்திரம் வழங்குவதிலும் அரசாங்கம் நிதானம் காட்டியதில்லை. 2024 என்ற ஒரே வருஷத்தில் வழங்கப்பட்ட 360க்கும் மேற்பட்ட மதுபான உரிமங்களின் பட்டியல் அவ்வருஷம் டிசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது, ஒரு கையால் வரியை உயர்த்திய இராச்சியம் மறு கையால் என்ன செய்துகொண்டிருந்தது என்பது யாவர்க்கும் விளங்கியது.

இனிப் பெண்களைப் பற்றிய விதி. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்றின்படி பெண்களுக்கு மதுபானக் கடையில் விற்பனை செய்யலாகாது என்று விதிக்கப்பட்டது. மது விற்கும் இடங்களில் அவர்களை வேலைக்கமர்த்துவதற்கும் தடை இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர இவ்விதியை வர்த்தமானி மூலம் நீக்கினார். சில தினங்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை ரத்துச்செய்யுமாறு பணித்தார். பெண்கள் வீதியில் வெறித்து விழப்போகிறார்கள் என்று ஒரு சாராரும், சமத்துவம் அழிந்தது என்று மற்றொரு சாராரும் அப்போது வாதித்தார்கள். ஆனால் இந்நாட்டுப் பெண்களில் குடிப்போர் நூற்றுக்கு ஒருவரும் இல்லை என்றே சுகாதார அமைச்சின் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சொல்லியது. ஆண்களிலோ மூன்றிலொருவர் குடித்தனர். சுவீடன் தேசத்தில் 1955 வரை மதுவைப் பங்கீட்டு அட்டைமீது விற்ற காலத்தில், கலியாணமான பெண்ணுக்குத் தனி அட்டை கொடுக்கப்படவில்லை. கணவனுடைய அட்டையே குடும்பத்துக்குரியது என்பது அங்கே நியாயம். குடிக்காதவரைக் குடியாமல் தடுப்பதில் எல்லாத் தேசத்துச் சட்டங்களும் ஒருவிதமான வல்லமை படைத்திருக்கின்றன.

குடிக்காத அப்பெண்ணின் பணம் எங்கே போயிற்று என்பதுதான் நான் கேட்கும் வினா. தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெண்களே. தேயிலையின் வருமானம் அவர்களுடைய விரல் நுனியிலிருந்துதான் உதிக்கிறது. 1984 வரை அவர்களுடைய நாட்கூலி ஆணின் கூலிக்குக் குறைவாயிருந்தது, அவ்வருஷம் சமமாக்கப்பட்டது. ஆனால் சமமான அக்கூலி யார் கையில் விழுந்தது? சம்பள நாளில் மேசைக்கு முன்னால் நின்று மனைவியின் பேருக்கும் சேர்த்துக் கைந்நாட்டு வைத்துக் காசு வாங்கியவர் பல தோட்டங்களில் கணவரே. வழக்கம் அப்படி, கணக்கப்பிள்ளைக்கும் அது சௌகரியம். ஆண்களின் வேலை பெரும்பாலும் மத்தியானத்தோடு முடிந்துவிடும்; பெண்ணோ மாலை நிறுவை முடியும்வரை கூடையை இறக்கமுடியாது. ஆகவே பணமும் ஓய்வும் ஒரே மனிதனிடத்தில் ஒரே பிற்பகலில் சேர்ந்தன. தவறணை அந்தச் சங்கமத்தில்தான் தன் வாசலைத் திறந்து வைத்திருந்தது. பெண் தன் காசைக் கொண்டு கால் போத்தல் வாங்கக்கூடாது என்று வர்த்தமானியில் விதித்த இராச்சியத்துக்கு, அவள் காசை அவள் கையில்தான் கொடுக்கவேண்டும் என்ற விதியைச் சம்பள மேசையில் நிலைநாட்டத் தோன்றவில்லை. அவ்விதிக்குப் பொலிஸ் தேவையில்லை, முற்றுகை தேவையில்லை, வரி நஷ்டமுமில்லை. ஒரு கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் பத்தியைத் திருத்தினால் போதும்.

எசல பெரஹரா நாட்களில் கண்டி நகரத்து மதுக்கடைகள் அடைக்கப்படுகின்றன. தலதா மாளிகையின் சந்நிதியில் வெறி நாறலாகாது என்பதற்கு நானும் உடன்படுகிறேன். ஆனால் தோட்டத்துச் சம்பள நாளாகிய 10ஆந் திகதியில் எந்தக் கடையும் அடைக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றுதான் கடைக்காரன் விளக்கை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏற்றிவைப்பான்.

இப்போது சில தோட்டங்களில் கூலி மேசைக்கு வருவதில்லை, வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. சென்ற வருஷம் ஒரு 10ஆந் திகதி மாலை நாவலப்பிட்டியில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது, பணம் எடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள், கொழுந்துப் பால் கறுத்த விரல்களில் அட்டையைப் பிடித்தபடி நிற்பதைக் கண்டேன். ஒருத்தி தன் மகனை உள்ளே அழைத்துச்சென்றாள், பத்து வயதிருக்கும், இலக்கங்களை அவனே அமுக்கினான். வெளியே வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிநின்று நோட்டுக்களை இரண்டாகப் பிரித்தாள். பெரிய பங்கு ரவிக்கைக்குள் இருந்த சிறு பையில் போயிற்று. சிறிய பங்கை மடித்து, எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் குடையோடு நின்ற மனிதரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ‘இவ்வளவுதான் விழுந்திருக்கு’ என்றாள். அவர் பையனைப் பார்த்தார். பையன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.